கிரில்லுக்குப் பின்னால் உட்காராதீர்கள்

கொல்லைப்புறத்தில் ஒரு சமையலறை கட்டிக்கொள்வது டெக்சஸ், ஃப்ளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில் சகஜமாகிவிட்டது. செங்கல்லோ சிமென்ட் கல்லோ வைத்துக் கட்டிய மேடை, அதில் பதித்த கேஸ் கிரில், ஒரு தொட்டி, குட்டி ஃப்ரிட்ஜ். மேடைக்கு மறுபுறம் உயரமான பார் கவுண்டர், நாலைந்து ஸ்டூல்கள். தாளிப்பு நெடி வீட்டுக்குள் தங்காது என்பதால் அங்கே குடியேறிய தமிழர்களுக்கும் பிடித்துப்போன ஏற்பாடு இது. தட்டைக் கல் வைத்த கிரில்லாக இருந்தால் ஒரே சமயத்தில் நாலைந்து தோசை வார்க்கலாம்.

திட்டம் போடும்போது பலரும் கிரில்லில்தான் தொடங்குகிறார்கள். எத்தனை பர்னர், எந்தக் கம்பெனி என்பதில் பாதி பட்ஜெட் போய்விடும். அடுத்து கல்லின் நிறம். ஸ்டூல் கடைசியில், மிச்சமிருக்கும் பணத்தில். என்னைக் கேட்டால் இந்த வரிசையே தலைகீழ். உட்காருகிறவரின் முகம், முழங்கால், பாதம் மூன்றும் எங்கே வரும் என்று முதலில் குறித்துவிட்டு, கிரில்லுக்கு இடம் பார்க்க வேண்டும்.

பார் கவுண்டர் ஏன் அவ்வளவு உயரம்? சமையல் மேடை வழக்கமாக 36 அங்குலம். பார் 42 அங்குலம். அதற்கேற்ற ஸ்டூலின் இருக்கை 30 அங்குலத்தில் இருக்கும். உட்கார்ந்தவரின் கண், இருக்கையிலிருந்து இன்னொரு 30 அங்குலம் மேலே. ஆக மொத்தம் 5 அடி. மறுபுறம் நின்று சமைப்பவரின் கண்ணும் ஏறக்குறைய அதே மட்டத்தில்தான். சாதாரண நாற்காலியைப் போட்டால் விருந்தாளியின் கண் 4 அடியில் நின்றுவிடும். அவர் அண்ணாந்தும் இவர் குனிந்தும் எவ்வளவு நேரம் பேச முடியும்?

ஒருவருக்கு 24 அங்குல அகலம், 42 அங்குல பாருக்கு அடியில் முழங்கால் நுழைய 12 அங்குல ஆழம் என்பது அமெரிக்காவின் நேஷனல் கிச்சன் அண்ட் பாத் அசோசியேஷன் தரும் கணக்கு. கல் அவ்வளவு வெளியே நீண்டால் அடியில் இரும்புத் தாங்கி கொடுத்தே ஆக வேண்டும். விளிம்பில் ஒருவர் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கும்போது கல்லின் மேல் விழும் பளு கொஞ்சநஞ்சமல்ல.

பாதத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கால் தொங்கினால் அதன் எடை முழுவதும் தொடையின் அடிப்பகுதியை இருக்கையின் முன்விளிம்பில் அழுத்தும். ரத்தக்குழாய்களும் நரம்பும் நசுங்கி, கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும். இருக்கைக்கு 16 முதல் 18 அங்குலம் கீழே பாதம் ஊன்ற ஒரு கம்பி வேண்டும். கடையில் குஷனை அமுக்கிப் பார்க்கிறோமே தவிர, டேப்பை எடுத்து அந்தக் கம்பியை அளப்பதில்லை.

இனி முகம். மேடையில் பதித்த கேஸ் கிரில்லின் பின்பக்கத்தைப் பாருங்கள். மூடியை மூடிய பிறகும் நீளவாக்கில் ஓர் இடைவெளி இருக்கும். எரிந்த வாயுவும் கொழுப்புப் புகையும் வெளியேறும் வழி அது. ஸ்டூல்களைக் கிரில்லுக்கு நேர் பின்னால் போட்டால், அந்தச் சூடெல்லாம் விருந்தாளியின் முகத்துக்குத்தான். படத்தில் அழகாகத் தெரியும் இந்த அமைப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் அதன் அவதி புரியும்.

காற்றும் சேர்ந்துகொள்கிறது. சமைப்பவரின் முதுகில் காற்று அடித்தால் புகை எதிர்ப்பக்கமாகப் போய்விடும் என்றுதான் நினைப்போம். உடம்பு காற்றை மறிப்பதால் அவருக்கு முன்னால் அழுத்தம் குறைகிறது. காற்று சுழன்று திரும்பி, புகையில் ஒரு பங்கை அவர் முகத்துக்கே இழுத்து வருகிறது. மிச்சம் எதிரே உட்கார்ந்தவருக்கு. காற்று பக்கவாட்டில் வருமாறு கிரில்லைத் திருப்பினால் இருவரும் தப்பிப்பார்கள். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். விருந்து நடக்கும் சாயங்கால வேளையில் அந்த இடத்தில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, சில நாள் கவனித்தால் போதும்.

சரி, ஸ்டூல்களை எங்கேதான் போடுவது? உளவியலாளர் ராபர்ட் சாமர் 1950களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து மருத்துவமனை ஒன்றின் உணவகத்தில், 3 அடிக்கு 6 அடி மேசைகளில் யார் யாருடன் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். மூலையை ஒட்டி அடுத்தடுத்த பக்கங்களில் உட்கார்ந்தவர்களின் உரையாடல், தோளோடு தோள் உட்கார்ந்தவர்களுடையதைப் போல இரு மடங்கு. எதிரெதிரே உட்கார்ந்தவர்களுடையதைப் போல ஆறு மடங்கு! நேர்க்கோட்டில் ஐந்து ஸ்டூல் போட்டால் கடைக்கோடியில் இருப்பவர் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். கவுண்டரை ‘ட’ வடிவில் மடக்கி, ஒரு பக்கத்தில் கிரில்லை வைத்து, மூலையிலும் மறுபக்கத்திலும் ஆட்களை உட்கார வையுங்கள். புகைப் பிரச்சினையும் பாதி தீரும். மூலையில் மட்டும் முழங்கால்கள் இடிக்காமல் ஓர் அடி விட்டுவிடுங்கள்.

வெயிலை மறைக்க மேலே பந்தல் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஹூஸ்டனில் ஜூன் கடைசியில் சூரியன் மறைவது நேர் மேற்கில் அல்ல. அதற்கு வடக்கே சுமார் 27 டிகிரி தள்ளி. அந்தத் தாழ்ந்த வெயில் கூரைக்கு அடியில் புகுந்து கண்ணில் அடிக்கும். வடமேற்குப் பக்கம் செங்குத்தாக ஒரு தட்டியோ, கொடி படர்ந்த வேலியோதான் அதற்கு மருந்து. வெயிலில் கவுண்டர் கல்லும் சூடேறும். நம் தோலில் சூட்டு வலியை உணர்த்தும் டிஆர்பிவி1 என்ற புரதம் 43 டிகிரி செல்சியஸ் வாக்கில் விழித்துக்கொள்ளும். கோடை வெயிலில் கிடந்த கறுப்பு கிரானைட் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். வெளிர் நிறக் கல்லே நல்லது. செயற்கை குவார்ட்ஸ் கல்லில் பிசின் கலந்திருப்பதால் புற ஊதாக் கதிரில் மஞ்சளிக்கும். வெளியே போட வேண்டாம். இரும்பு ஸ்டூலும் மர ஸ்டூலும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் இரும்புதான் சுடும். அது வெப்பத்தை வேகமாகத் தோலுக்குக் கடத்துகிறது.

கொசுவுக்கு மின்விசிறியே நல்ல காவல். அது நம் மூச்சின் கரியமில வாயுவைக் கலைத்துவிடுவதால் கொசுவுக்கு வழி தெரியாமல் போகிறது என்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் எழுதினார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனமும் அழகும் பார்க்கக் கூடாது. பாருக்கு அடியில், நம் முழங்காலுக்கு நேரே உள்ள சுவருக்குப் பின்னால்தான் பெரும்பாலும் சிலிண்டர் இருக்கும். அதிலுள்ள புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே மேடையின் அடியில், தரையை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத் துளைகள் வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது. அதற்குத் துளை மேலே வேண்டும். கொத்தனார் பூசி முடிப்பதற்குள் இதைக் கேட்டுவிடுங்கள். துளை இல்லாத மேடையில் கிரில்லைப் பற்றவைக்காதீர்கள்.