மீள்வோரும் மீளாதோரும்

நகரத்துப் புகையிரத நிலையம் திரும்பி வருவோரின் இடம். காலையிற் கைப்பையும் சோற்றுப் பொதியுமாகப் புறப்பட்டவர் மாலையில் அதே மேடையில் வந்து இறங்குவர். மாதம் முழுவதற்குமான பருவச்சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருப்பவர், நாளையும் வருவோம் என்ற நம்பிக்கையையும் அதனோடு சேர்த்தே வைத்திருக்கிறார். கண்டி நிலையமும் அத்தகையதே. மாத்தளைப் பாதையில் வத்தேகமப் பக்கமிருந்து வரும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் மாணவரும் கண்டு பழகிய மேடை அது. மடுல்கெல்லப் பகுதியினருக்கோ தம் மலையில் இருப்புப் பாதை இல்லை. பன்வில, வத்தேகம வழியாகப் பேருந்தில் இறங்கி வந்தே அவர்கள் இந்நிலையத்தை அடைதல் வேண்டும்.

ஆனால் இதே மேடையில், போனவர் திரும்பாத ஒரு காலமும் இருந்தது. அதை நாம் மறந்துவிடலாகாது.

கண்டிக்கு இருப்புப் பாதை வந்தது 1867 ஆம் ஆண்டில். மாத்தளை வரை அது நீண்டது 1880 இல். மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு விரைந்து சேர்ப்பதே அதன் முதல் நோக்கம். கோப்பி மூட்டை வண்டியேறிச் சென்ற காலத்திலும், அதைப் பறிக்க வந்த தமிழ்த் தொழிலாளரிற் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்தே வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. கடலைக் கப்பலிலும் தரையைப் புகையிரதத்திலும் கடந்து அவர்கள் மலையேறினர்.

வந்த வழியே அவர்களைத் திருப்பியனுப்பும் வழியுமாயிற்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஏறத்தாழ 9,75,000 மக்களைக் கணக்கிட்டுப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எண்களைப் பிரிப்பது எளிது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியவராயினரே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மலையகத்தார் புகையிரதத்தைக் கோச்சி என்பர். தலைமன்னாருக்குப் புறப்பட்ட அந்த வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. இறந்தவரைச் சுற்றி அமர்ந்து பாடும் ஒப்பாரியை, உயிரோடு பிரிகின்றவரின் வண்டிக்குப் பெயராக்கிய மக்களின் துயரம் எத்தகையதாயிருக்கும்! வண்டியேறியவருட் பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். ‘தாயகம்’ என்று காகிதம் காட்டிய நாட்டை ஒருநாளும் கண்டறியாதவர். பொல்காவலை, மாகோ, மதவாச்சி எனத் தெற்கு விலகி வடக்கு நெருங்க, மலை கண்ணுக்கு மறைந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. 1984 இல் அதுவும் நின்றது. சென்றவரில் ஒருசாரார், தமிழ்நாட்டு அரசு 1968 முதல் நீலகிரியில் உருவாக்கிய தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். நாடு மாறியது, கூடை மாறவில்லை.

இலங்கையில் எஞ்சி நாடற்றிருந்தோரிற் பலருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று கண்டி நிலையத்து மேடையிற் புத்தகப் பையோடு நிற்கின்றனர் என்றால், அது சிறிய வெற்றியன்று. மாலையில் வீடு திரும்பலாம் என்னும் உறுதி, அவர்களுடைய பாட்டன்மாருக்குக் கிட்டாத செல்வம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தின் ஆண்டையும் தொகையையும் மாணவர் பாடநூலிற் படித்துக்கொள்வர். வழியனுப்ப வந்து மேடையில் நின்றவரின் நினைவோ பாடநூலில் இராது. லயத்து வீடுகளில் அதைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். விடுமுறையில் ஒரு பெரியவரிடம் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வருமாறு மாணவரை ஏவுங்கள். அவர்களும் புறப்பட்டுவிட்டால் அந்த வரலாறு நமக்குத் திரும்பக் கிடையாது.