புதையல் யாருடைய கனவில் இருந்தது?

பிரேசில் எழுத்தாளர் பாவ்லோ கொய்லோவின் ‘ரசவாதி’ 1988இல் போர்த்துகீசிய மொழியில் வெளிவந்தது. முதல் பதிப்பாளர் 900 படிகள் அச்சிட்டதோடு போதும் என்று கைவிட்டுவிட்டார். 1993இல் ஆங்கிலத்துக்கு வந்தபின் உலகம் முழுக்கப் பரவிற்று. ‘தன்னம்பிக்கைச் சரக்கு’ என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் கோடிக்கணக்கானோர் வாங்கிப் படித்த ஒரு பிரதியை அப்படித் தள்ளுவது விமர்சனமாகாது. அதன் வாக்குறுதி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கதை எளியது. ஸ்பெயினில் ஆடு மேய்க்கும் சந்தியாகோ, பாழடைந்த தேவாலயம் ஒன்றில் படுத்திருக்கையில் எகிப்தின் பிரமிடுகளருகே புதையல் இருப்பதாகக் கனவு காண்கிறான். ஆடுகளை விற்று, கடல் தாண்டி, பாலைவனம் கடந்து போய்ச் சேர்கிறான். தோண்டும்போது கொள்ளையர் பிடித்து உதைக்கிறார்கள். அவர்களின் தலைவனுக்கும் ஒரு கனவு வந்திருக்கிறது: ஸ்பெயினில், இடிந்த தேவாலயத்தில் புதையல். அதை நம்பிக் கிளம்பாத தன் புத்திசாலித்தனத்தைச் சொல்லிவிட்டுப் போகிறான். பையனுக்கு விஷயம் பிடிபட்டுவிடுகிறது. திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறான்.

இந்த எலும்புக்கூடு கொய்லோவுடையதல்ல. ‘ஆயிரத்தொரு இரவுக’ளில் உள்ளது. போர்ஹேவும் 1935இல் வெளிவந்த தொகுப்பொன்றில் திருப்பிச் சொல்லியிருக்கிறார். அங்கே கனவுக்குத் தத்துவம் கிடையாது. ஒருவன் நம்பிப் போய் அடிபட்டான், இன்னொருவன் சிரித்தான், சிரித்தவன் இழந்தான். இறைவனின் விளையாட்டு, அவ்வளவுதான்.

கொய்லோ சேர்த்தது தத்துவத்தை. ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு லட்சியம் உண்டு. மனதார விரும்பினால் பிரபஞ்சம் துணைக்கு வரும் என்கிறது நாவல். சரி, துணைக்கு வருகிறவர்கள் யார்? அவர்களுடைய கனவு என்ன ஆயிற்று? இந்தக் கேள்வியோடு படித்தால் பிரதி வேறு மாதிரி திறந்துகொள்கிறது.

தாஞ்சியரில் பளிங்குச் சாமான் விற்கும் வியாபாரிக்கு மெக்கா போக வேண்டுமென்று ஆசை. போய்வந்துவிட்டால் பிறகு எதற்காக உயிர்வாழ்வது என்ற பயத்திலேயே போகாமலிருக்கிறார். சந்தியாகோ ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் கடையில் உழைத்து, வியாபாரத்தைப் பெருக்கி, தனக்கும் காசு சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். வியாபாரிக்கு மிஞ்சுவது, தன்னால் என்னவெல்லாம் முடியும் என்று தெரிந்துவிட்ட வேதனை. அடுத்து, பாலைவனச் சோலையில் பாத்திமா. அவன் கனவின் ஒரு பகுதியாகத் தன்னை எண்ணிக் காத்திருப்பதுதான் அவளுக்கு விதிக்கப்பட்டது. கடைசியில் கொள்ளையன். புதையலின் சரியான விலாசம் அவன் கனவில்தான் இருந்தது. சந்தியாகோவின் கனவு காட்டிய இடத்தில் புதையலே இல்லை!

ஆக, மையத்தில் நிற்பவனின் கனவு பலிப்பது விளிம்பில் நிற்பவன் கைவிட்ட கனவால். கதையாடல் இதைக் காட்டுகிறது. ஆனால் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது சொல்வதெல்லாம், போகாதவன் பயந்தவன் என்பதைத்தான். கடனோ நோயோ வயதான அம்மாவோ பிடித்துவைத்திருக்கும் ஒருவன் இந்த நாவலை மூடிவைக்கும்போது, தன் தோல்விக்குத் தானே குற்றவாளி என்ற எண்ணத்தோடுதான் எழுந்து போவான். நாவல் தரும் ஆறுதலுக்கு அவன் கொடுக்கும் விலை இது.

போகாத யாத்திரையை மனசில் வைத்துக்கொண்டு தினமும் கடை திறக்கும் அந்த வியாபாரியின் பக்கம் நின்று இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கடைக்குள்தான் இருக்கிறோம்.