கற்றாழை மடல் தொங்கினால் முதலில் வேரைப் பாருங்கள்

தொட்டியில் வளரும் சோற்றுக்கற்றாழையின் மடல்களை நிமிர்த்தி வைத்திருப்பது தண்ணீர். மடலுக்குள் இருக்கும் வழுவழுப்பான சோற்றில் 98 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். மெல்லிய சுவர் கொண்ட பெரிய செல்கள் அதைத் தேக்கி உப்பி, ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. அந்த நெருக்கத்தால்தான் மடல் விறைப்பாக இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் செல்களின் சுவர்கள் மடிந்து சுருங்குகின்றன, மடல் மெலிந்து தொங்குகிறது.

அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட நிலமே இந்தச் செடியின் தாயகம். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க இது பழகியிருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கும். கற்றாழை, வெயில் தணிந்த இரவில்தான் துளைகளைத் திறக்கிறது. உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடியபடியே உணவு தயாரிக்கிறது. அதனால் ஓரிரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் விட்டாலும் வளர்ந்த செடி எளிதில் துவண்டுவிடாது. மடல் தொங்கியதும் 'தண்ணீர் போதவில்லை போலும்' என்று குவளையை எடுப்பது அவசரத் தீர்ப்பு என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது. வேரும் சுவாசிக்கிறது. மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிகளில் எந்நேரமும் தண்ணீர் நிறைந்திருந்தால் வேர் மூச்சுத் திணறும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். நலிந்த வேர்களில் பித்தியம், பியூசேரியம் போன்ற நோய்க்கிருமிகள் புகுந்து அழுகச் செய்கின்றன. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் வாடுகிறது. வறட்சியில் வாடும் மடலும் வேரழுகலில் வாடும் மடலும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரிவது இதனால்தான். வீடுகளில் கற்றாழை சாவதற்கு வறட்சியைவிட அதிகத் தண்ணீரே பெரிய காரணம்.

தொட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். வறட்சியில் மடல் தட்டையாகி, ஓரங்கள் உட்புறம் மடிந்து, வாய்க்கால் போலக் குழியும். தோல் சுருங்கியிருந்தாலும் கொழகொழக்காது. தொட்டியைத் தூக்கினால் கனமே இருக்காது. மண்ணில் செருகி எடுத்த ஈர்க்குச்சி காய்ந்தே வரும். அழுகலில் மடலின் அடிப்பகுதி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறி, கண்ணாடி போல ஒளி ஊடுருவ, அழுத்தினால் அமுங்கும். மண்ணில் கெட்ட வாடை வீசும். மடல் சதைப்பிடிப்போடு இருந்தும் வெளிறி, நீண்டு, வெளிப்பக்கமாகச் சாய்ந்தால் குறை வெளிச்சத்தில் இருக்கிறது. அடி மடல் ஒன்றிரண்டு மட்டும் காய்வது மூப்பு. அதற்கு மருந்து தேவையில்லை.

வறட்சி என்றால் தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை தண்ணீர் ஊற்றினால் போதும், சில நாட்களில் மடல் நிரம்பிவிடும். வெளிச்சக் குறை என்றால் செடியை ஒரேயடியாக உச்சி வெயிலுக்கு மாற்றக் கூடாது. மடல் சிவந்து கருகும். காலை வெயிலில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெல்லப் பழக்க வேண்டும். நீண்டு சாய்ந்த பழைய மடல் மறுபடி நிமிராது. புதிதாக வருபவை குட்டையாக, நேராக வளரும்.

அழுகலுக்குத்தான் அறுவை தேவை. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதிர்த்துவிட்டு, கறுத்துக் குழைந்த வேர்களைச் சுத்தமான கத்தியால் நல்ல திசு தெரியும்வரை வெட்ட வேண்டும். பிறகு சில நாட்கள் நிழலில் காயவிட வேண்டும். வெட்டுவாய் உலர்ந்து மூடுவதற்கு முன் ஈர மண்ணில் நட்டால் அழுகல் திரும்பிவிடும். புது மண்ணில் பாதியாவது பருமணலோ செங்கல் ஜல்லியோ இருக்கட்டும். நெடுநேரம் ஈரம் பிடித்துவைக்கும் தென்னை நார்க்கழிவை அதிகம் சேர்க்க வேண்டாம். நட்டபின் ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நேர்மாறாகத்தான் நடக்கும். நுண்துளைகள் கொண்ட மண்ணைவிட்டு, பெரிய இடைவெளிகள் உள்ள கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் நனைந்து நிறையும்வரை மேலேயே தேங்கி நிற்கும். ஈரப் பகுதி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். அடித்துளையும், வேர்க்கட்டைவிடச் சற்றே பெரிய மண்தொட்டியும் இருந்தால் கல் தேவையில்லை. மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும் என்பதால் பிளாஸ்டிக் தொட்டியைவிட அது நல்லது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொட்டியை மழை படாத இடத்தில் வைப்பதும், அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுவதும் அவசியம்.

நடுக்குருத்தும் அழுகி, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் தாய்ச்செடி பிழைக்காது. மடலை வெட்டி ஊன்றிப் பார்ப்பதும் வீண். சில சதைப்பற்றுச் செடிகளைப் போலக் கற்றாழை மடலிலிருந்து புதுச்செடி பொதுவாக வராது. பக்கத்தில் முளைத்த கன்று ஒன்று திடமாக இருந்தால், அழுகல் அதைத் தொடுவதற்குள் வேரோடு பிரித்து வேறு தொட்டியில் நட்டுவிடுங்கள்.