பில்லில் பிடிக்கும் பணம் யாருடையது?

2022 ஜூலை 18 அன்று அரசுக் கட்டுமானப் பணிகள் பலவற்றுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பாதி எழும்பிய பள்ளிக் கட்டடம், தூண் மட்டும் நின்ற பாலம் என எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: கூடுதல் 6 சதவீதத்தை யார் கட்டுவது? மீதி வேலையின் மதிப்பு 50 லட்சம் என்றால் அது 3 லட்சம் ரூபாய். சிறு ஒப்பந்ததாரரின் லாபத்தையே விழுங்கிவிடக்கூடிய தொகை.

விடை ஒப்பந்தத்தின் ஒரு வரியில் இருக்கிறது. ‘ஜிஎஸ்டி தனி, அன்றைய விகிதப்படி’ என்றிருந்தால் வேலை கொடுத்த துறை கொடுக்கும். ‘எல்லா வரிகளும் உட்பட’ என்று மட்டும் எழுதியிருந்தால் வழக்காடித்தான் பார்க்க வேண்டும். பொருள் வாங்கும் ஒப்பந்தங்களுக்காவது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் துணைக்கு வருகிறது. கையெழுத்தான பிறகு வரி ஏறினால் விலையோடு சேர்க்கலாம், இறங்கினால் கழிக்கலாம் என்கிறது அதன் 64ஏ பிரிவு. ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னால் அந்தத் துணையும் இல்லை.

கட்டட வேலையில் வரி கேட்க மாநிலத்துக்கு உரிமை உண்டா என்பதே ஒரு காலத்தில் சண்டையாக இருந்தது. சென்னை அரசுக்கும் கேனன் டங்கர்லி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், வேலையைப் பிரித்து சிமெண்டுக்கும் கம்பிக்கும் விற்பனை வரி போட முடியாது என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1982-இல் 46-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் மாநிலங்களுக்கு அந்த வழி திறந்தது. 2017-இல் ஜிஎஸ்டி அதைத் தன்னுள் இழுத்துக்கொண்டது.

பில் பாஸாகும்போது நடக்கும் பிடித்தங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. 1 கோடி ரூபாய் வேலையில் ஜிஎஸ்டி டிடிஎஸ் (பில்லிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) 2 சதவீதம், அதாவது 2 லட்சம் போகும். ஆனால் அது ஒப்பந்ததாரரின் சொந்தப் பணம். அவருடைய மின்னணு ரொக்கப் பேரேட்டுக்கு வந்து, வரி கட்ட உதவும். பிடித்த அலுவலகம் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் பணம் நடுவில் தொங்கும். அதே பில்லில் பிடிக்கும் தொழிலாளர் நல செஸ் 1 லட்சம் திரும்பி வராது. அது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போக வேண்டிய பணம். அதை டெண்டர் விலையிலேயே கணக்கிட்டிருக்க வேண்டும்.

சிக்கல் அதிகம் சீனியரேஜில்தான். ஜல்லி, கிராவல் போன்ற சிறு கனிமங்களுக்காக மாநில அரசு வாங்கும் தொகை இது. குவாரிக்காரர் கட்டி, லாரியோடு நடைச்சீட்டு அனுப்புகிறார். அந்தச் சீட்டைக் காட்ட முடியாத ஒப்பந்ததாரரின் பில்லில் அதே தொகையைத் துறை மறுபடி பிடிக்கும். ஒரே ஜல்லிக்கு இரண்டு முறை காசு. சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்து வைப்பவர் தப்பிக்கிறார்.

கனிமத்தில் இன்னொரு சுமையும் உண்டு. 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ராயல்டியை, அதாவது கனிமம் எடுப்பதற்குக் கொடுக்கும் தொகையை, வரி என்று சொன்ன 1989-இன் இந்தியா சிமெண்ட்ஸ் தீர்ப்பை மாற்றி, அது வரி அல்ல, கனிம நிலத்துக்கு மாநிலம் வரி போடலாம் என்றது. தமிழ்நாடும் கனிம நில வரிச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வரி பில்லில் ‘வரி’ என்று தனி இனமாக வராது, ஜல்லியின் விலைக்குள் ஒளிந்து வரும். ‘வரி மாறினால் துறை ஏற்கும்’ என்ற வாசகம் இருந்தும் அதைக் கேட்டு வாங்குவது கடினம். விலை மாற்றப் பிரிவும், அதில் ஜல்லியின் பெயரும் இருக்கிறதா என்பதை டெண்டர் போடும் முன்பே பார்த்துவிட வேண்டும்.