அவசரப் பொத்தான் வந்த வழி

சென்னையில் மறைமலை அடிகள் பாலம் கடந்து அண்ணா சாலையில் வடக்கே வரும் மாநகரப் பேருந்து, ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தாண்டி நந்தனம் சிக்னலில் நிற்கும். இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு. இந்தச் சாலையில் ஓடும் பல பேருந்துகளில், பயணியின் கைக்கெட்டும் இடத்தில் அவசரப் பொத்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு சட்டம், ஒரு நிதி, ஒரு தொழில்நுட்பத் தரநிலை, ஒரு கட்டுப்பாட்டு அறை என்று நான்கு அடுக்கு வேலை உண்டு. ஒவ்வொன்றும் முந்தையதன் மேல்தான் எழுந்தது.

தொடக்கம் ஒரு கொடுமை. 2012 டிசம்பர் 16 இரவு, தில்லியில் ஓடும் பேருந்துக்குள் ஓர் இளம்பெண் தாக்கப்பட்டு, 13 நாள் கழித்து உயிரிழந்தார். டிசம்பர் 23 அன்று நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் மூவர் குழு அமைக்கப்பட்டது. குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது; ஏறத்தாழ 80,000 யோசனைகள் வந்தன. அவற்றைப் படித்து, பிரித்து, 29 நாளில் அறிக்கையை எழுதி முடித்து 2013 ஜனவரி 23 அன்று அரசிடம் கொடுத்தார்கள். அரசுக் குழுக்கள் கால நீட்டிப்புக் கேட்பது வழக்கமாகிவிட்ட நாட்டில், இந்த வேகம் பாராட்டத்தக்கது. பிப்ரவரி 3 அன்று அவசரச் சட்டம் வந்தது. பின்னர் அது குற்றவியல் சட்டத் திருத்தமாக நிறைவேறியது. பின்தொடர்தல், மறைந்திருந்து பார்த்தல் ஆகியவை தனிக் குற்றங்களாயின. பாலியல் குற்றப் புகாரைப் பதிவு செய்யாத காவல் அதிகாரிக்கும் தண்டனை உண்டு என்றானது.

அடுத்தது பணம். 2013 பிப்ரவரி 28 அன்று நிதிநிலை அறிக்கையை வாசித்த ப.சிதம்பரம், பெண்களின் பாதுகாப்புக்காக 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்தார். அந்த ஆண்டில் செலவாகாத தொகை கருவூலத்துக்குத் திரும்பாமல் நிதியிலேயே தங்கும்படி அது அமைக்கப்பட்டது. பணம் தங்கியது, திட்டங்கள்தான் தாமதமாக வந்தன. சில ஆண்டுகளுக்குப் பிறகே, எட்டுப் பெருநகரங்களுக்கான பாதுகாப்பான நகரத் திட்டத்தில் சென்னைக்கு 425.06 கோடி ரூபாய் ஒப்புக்கொள்ளப்பட்டது. செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்ற விகிதத்தில் ஏற்க வேண்டும்.

இதற்கிடையே தரநிலை எழுதப்பட்டது. ஏ.ஐ.எஸ். 140 என்பது அதன் பெயர். பொதுப் பயணிகள் வாகனத்தில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் எப்படி இருக்க வேண்டும் என்று அது அளவோடு சொல்கிறது. 2016 நவம்பரில் மோட்டார் வாகன விதிகளில் 125எச் என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் வாகனங்களுக்குக் கட்டாயமானது. மூன்று சக்கர வாகனங்களுக்கு விலக்கு உண்டு.

என் பார்வையில் முழுச் சங்கிலியிலும் சிறந்த கைவேலை இந்தத் தரநிலையில்தான் இருக்கிறது. அழைப்பு மணியின் பொத்தானில் மின்சுற்று திறந்தே கிடக்கும். அழுத்தினால் மூடும், மின்னோட்டம் பாயும், மணி அடிக்கும். அப்படிப்பட்ட பொத்தானின் கம்பியை ஒருவன் முன்கூட்டியே வெட்டிவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. வெட்டியதும் யாருக்கும் தெரியாது. அவசரப் பொத்தானுக்கு ஏ.ஐ.எஸ். 140 கேட்பது நேர் எதிரானது. சுற்று இயல்பில் மூடியே இருக்கும்; அதில் மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்; அழுத்தினால் அறுபடும்; அறுபட்டதுதான் அபயக் குறிப்பு. ஆகவே கம்பியை வெட்டினாலும் சுற்று அறுபடும், கருவி விழித்துக்கொள்ளும். கெடுக்க நினைப்பவனின் கையே தகவல் அனுப்பிவிடுகிறது.

மற்ற அளவுகளும் இதே கவனத்தோடு வைக்கப்பட்டவை. அவசரத்தில் அழுத்த எளிதாக, அதேசமயம் தோளோ பையோ உரசி அழுந்திவிடாத வடிவில் பொத்தான் இருக்க வேண்டும். இருப்பிடம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் துல்லியத்தில் கிடைக்க வேண்டும். வண்டியின் மின்கலத் தொடர்பு துண்டிக்கப்பட்டால், கருவியின் சொந்த மின்கலம் நான்கு மணி நேரம் தாங்க வேண்டும். இணைய இணைப்பு இல்லாத இடத்தில் குறுஞ்செய்தியாகவாவது தகவல் போய்ச் சேர வேண்டும்.

சென்னைக்கு இது 2022 மே மாதத்தில் வந்தது. மாநகர் போக்குவரத்துக் கழகம் 72.25 கோடி ரூபாய்த் திட்டத்தில் முதற்கட்டமாக 500 பேருந்துகளில் கருவிகளைப் பொருத்தியது. பேருந்து ஒன்றுக்கு மூன்று கேமராக்கள், நான்கு அவசரப் பொத்தான்கள், காட்சியைப் பதிந்துகொள்ளும் ஒரு கருவி. அந்தக் கருவியில் உள்ள 4ஜி சிம், பேருந்தைக் கட்டுப்பாட்டு மையத்தோடு இணைக்கிறது. தில்லிச் சம்பவத்திலிருந்து எண்ணினால் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. பேருந்தில் ஏறும் பெண்கள் கூடிய வேளையில் பாதுகாப்பும் வந்து சேர்ந்தது நல்ல பொருத்தம்.

இனி, நந்தனத்துக்கும் தேனாம்பேட்டைக்கும் இடையே நெரிசலில் ஊரும் ஒரு பேருந்தில் யாரோ பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு மையத்தில் எச்சரிக்கை ஒலி எழும். பேருந்துக்குள் நடக்கும் காட்சி அங்குள்ள பணியாளரின் திரையில் நேரலையாக வரும். கூட்டத்தில் தவறுதலாக அழுத்தப்பட்டதா, உண்மையிலேயே ஆபத்தா என்பதை அவர் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறார். ஆபத்து என்றால் காவல்துறைக்கும், காயம் இருந்தால் ஆம்புலன்சுக்கும் தகவல் போகிறது. பொத்தான் தனியாக இருந்தால் வெற்று மணி. கேமரா தனியாக இருந்தால் பிறகு பார்க்கும் பதிவு. இரண்டும் ஒரே கருவியில் சேர்ந்ததால்தான் உதவி உடனே கிளம்ப முடிகிறது.

காவலர் வந்து சேரும்வரை பேருந்துக்குள் பொறுப்பு நடத்துநருடையது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. பெண்களை முறைப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது, சைகை காட்டுவது எல்லாம் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. எச்சரித்தும் கேளாத ஆண் பயணியை நடத்துநர் இறக்கிவிடலாம், அல்லது வழியிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். புகார்ப் புத்தகம் ஒன்றையும் அவர் வைத்திருக்க வேண்டும். ஏற்றிவிடும் சாக்கில் பெண் பயணியைத் தொடும் நடத்துநருக்கும் அதே விதியில் தண்டனை உண்டு. பொறுப்பைக் கொடுத்த கையோடு அதற்கு வரம்பும் வைத்தது சரியான வரைவு.

கடைசிக் கட்டம், பேருந்தில் பதிவான காணொளி சாட்சியமாகப் போய்ச் சேரும் நீதிமன்றத்துக்கானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் சேர வேண்டும். அதற்கு இரண்டு பகுதிகள்: ஒன்றில் பதிவுக்குப் பொறுப்பானவர் கையெழுத்திடுவார், மற்றதில் வல்லுநர். காணொளிக் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஷா-256 முறையில் அது 64 எழுத்து நீளமுள்ள ஒரு குறியீடு. காணொளியில் ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றினாலும் குறியீடு அடியோடு மாறிவிடும். பேருந்தில் பதிவானதும் நீதிபதி பார்ப்பதும் ஒன்றேதானா என்பதை, அந்த 64 எழுத்துகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டே சொல்லிவிடலாம்.