கொற்கை: கடல் விலகிச் சென்ற துறைமுகம்

கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கியது. தாமிரபரணி கடலில் கலந்த முகத்துவாரத்தில் அன்று மரக்கலங்கள் வந்து நின்றன. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், தண்டனை பெற்ற கைதிகள் இங்கு முத்துக்குளித்ததாகக் கூறுகிறது. 1968-69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு நடத்தியது. நிலத்தடியில் சங்கும் சிப்பியும் கிடைத்தன.

கொற்கையின் வாணிகத்தை முடித்தது ஆற்று வண்டல். வெள்ளந்தோறும் வந்த மண் முகத்துவாரத்தைத் தூர்த்தது. கரை கிழக்கே நகர்ந்தது. கடல் இன்று சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கலம் வராத துறையில் வணிகருக்கு வேலையில்லை. அவர்கள் கடலை ஒட்டிய காயல் என்ற ஊருக்குப் பெயர்ந்தனர். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்டது, அரேபியக் குதிரைகள் வந்திறங்கிய அந்தக் காயலைத்தான். பின்னர் அதுவும் தூர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தபின் முத்து வாணிகம் தூத்துக்குடியில் நிலைகொண்டது.

கொற்கைத் துறைமுகத்தை மூடிய அதே வண்டலில்தான் இப்போது நெல்லும் வாழையும் விளைகின்றன. இவ்வூரின் இன்றைய பிழைப்பு அதுவே.

வயலோரத்தில் சிப்பியோ பானை ஓடோ தென்பட்டால், தயவுசெய்து எடுக்காமல் அங்கேயே விட்டுச்செல்லுங்கள்.