பெட்ரோல் தீர்ந்த உலகின் கதைகள்

உலகம் அழிவதைக் காட்டும் படங்களும், அழிந்து முடிந்த உலகில் நடக்கும் படங்களும் ஒரே இனம்போலத் தோன்றினாலும், அவை பார்வையாளருக்குத் தரும் இன்பம் வெவ்வேறானது. முதல் வகையில் ஆழிப்பேரலையும் நிலநடுக்கமும் நகரங்களை விழுங்குவதே காட்சி; இரண்டாம் வகையில் அணுகுண்டோ கொள்ளைநோயோ எரிபொருள் பஞ்சமோ படம் தொடங்குவதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிட்டிருக்கும், எஞ்சிய மனிதர்கள் எஞ்சிய பொருள்களுக்காக மோதிக்கொள்வதே கதையாகும். 'பேரழிவுக்குப் பிந்தைய படங்கள்' என்று வழங்கப்படும் இந்த இரண்டாம் வகையின் அதிரடிக் கிளைக்கு இலக்கணம் வகுத்தவை, ஆஸ்திரேலிய இயக்குநர் ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்' வரிசைப் படங்கள்.

மனித குலத்தின் கடைசி நாள்களைக் கற்பனை செய்வது புதிதன்று. மேரி ஷெல்லி 1826-லேயே 'கடைசி மனிதன்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். 1959-இல் மெல்போர்னில் படமாக்கப்பட்ட 'ஆன் தி பீச்' என்னும் ஹாலிவுட் படத்தில், அணுகுண்டுப் போருக்குப் பின் வடக்கிலிருந்து மெல்ல இறங்கிவரும் கதிரியக்கத்துக்காக ஒரு நகரமே நாகரிகம் குலையாமல் காத்திருக்கிறது. பெட்ரோல் தட்டுப்பாடும், சாலையில் குதிரை வண்டிகளும், உயிரைத் துச்சமாக மதிக்கும் ஒரு கார்ப் பந்தயமும் அந்தப் படத்திலேயே உண்டு என்பதால், அதே மெல்போர்ன் வட்டாரத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் படமாக்கப்பட்ட முதல் 'மேட் மேக்ஸ்' படத்துக்கான பொருள்கள் அங்கே முன்பே கிடந்தன என்று சொல்லலாம். இல்லாதிருந்தது மூர்க்கம் ஒன்றுதான்.

அந்த மூர்க்கத்தை வரலாறு கொண்டுவந்து சேர்த்தது. 1973-இல் அரபு நாடுகள் அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியதால் விலை ஏறியது. உலகெங்கும் எரிபொருள் ஓர் அன்றாடக் கவலையாயிற்று. மில்லருடன் சேர்ந்து முதல் படத்தின் திரைக்கதையை எழுதிய பத்திரிகையாளர் ஜேம்ஸ் மெக்காஸ்லண்ட், பெட்ரோல் கிடைக்காத நாள்களில் ஆஸ்திரேலியர்கள் காட்டிய ஆவேசமே அக்கதைக்கு வித்து என்று பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். மில்லரோ மருத்துவம் படித்தவர். மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் சாலை விபத்தில் சிதைந்த உடல்களைக் கண்டவர். ஏறத்தாழ 4 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவில் உருவாகி 1979-இல் வெளியான அந்த முதல் படத்தில் காவல் துறையும் கடைகளும் குடும்பங்களும் இன்னும் மிச்சமிருக்கின்றன. நாம் இன்று அறியும் பாலைவனமும், தோலாடை அணிந்த கொள்ளைக் கூட்டமும், ஒட்டுப்போட்ட வண்டிகளும் 1981-இல் வெளியான இரண்டாம் படத்தில்தான் முழு வடிவம் பெற்றன.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பிரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகருக்கு அருகே படமாக்கப்பட்ட இந்த இரண்டாம் படத்தின் எலும்புக்கூடு, அமெரிக்க 'வெஸ்டர்ன்' படங்களிலிருந்து, அதாவது தமிழ் ரசிகர்கள் கௌபாய் படங்கள் என்றழைக்கும் மரபிலிருந்து வந்தது. 1953-இல் வெளிவந்த 'ஷேன்' படத்தைப் போலவே இதிலும் ஊர்பேர் அறியாத ஒருவன் வருகிறான், ஒடுக்கப்படும் குடியேறிகளுக்கு வேண்டாவெறுப்பாக உதவுகிறான், கடைசியில் அவர்களோடு சேராமல் தனியே நின்றுவிடுகிறான். குதிரைக்குப் பதில் கார், மேய்ச்சல் நிலத்துக்குப் பதில் எண்ணெய்க் கிணறு. ஆனால் மில்லர் இந்த மரபுக்கு ஒரு குரூரமான முறுக்கைச் சேர்த்தார்: பலர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய டேங்கர் லாரி இறுதியில் கவிழும்போது அதிலிருந்து பெட்ரோலுக்குப் பதில் மணல் கொட்டுகிறது, உண்மையான எரிபொருளை வேறு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு குடியேறிகள் போய்விட்டிருக்கிறார்கள், நாயகனுக்குக்கூடத் தெரியாமல்.

இவ்வகைப் படங்களின் ஈர்ப்பு வெடிகளிலும் துரத்தல்களிலும் மட்டும் இருந்தால், அதைப் பிற அதிரடிப் படங்களும் தந்துவிடும். இவை தனியே தருவது, பொருள்களைப் படிக்கும் இன்பம். இந்த உலகில் எந்தப் பொருளுக்கும் விலை கிடையாது, பயன் மட்டுமே உண்டு. ஆகவே திரையில் தெரியும் ஒவ்வொரு பொருளும் தன் கதையைத் தானே சொல்கிறது. இரண்டாம் படத்தில் நாய்க்கான டப்பா உணவை நாயகன் மேக்ஸ் சுவைத்து உண்பதையும், ஒரேயொரு தோட்டா பலிக்குமா என்ற ஐயத்திலேயே ஒரு சண்டை நகர்வதையும் பார்க்கும்போது, அந்த உலகின் பஞ்சத்தை யாரும் வசனத்தில் விளக்க வேண்டியதில்லை. 2015-இல் வந்த 'ஃபியூரி ரோடு' இதை உச்சத்துக்குக் கொண்டுசென்றது: அங்கே ஸ்டியரிங் சக்கரங்கள் பூசைப் பொருள்கள், காயலான் கடைச் சரக்குகளே வழிபாட்டுக்குரியவை. நிலத்தடி நீரைக் கையில் வைத்திருப்பவனே அரசன், எண்ணெய்க்கும் தோட்டாவுக்கும் தனித்தனி ஊர்கள். அதைவிடக் கொடியது, மனித உடலும் அங்கே சரக்காகிவிட்டது என்பது. பெண்கள் பாலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அடைத்து வைக்கப்படுகிறார்கள், மேக்ஸ் வெறும் இரத்தப் பையாகக் காரின் முன்னால் கட்டப்படுகிறான். தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட அதே இரத்தத்தை முடிவில் அவன், அப்பெண்களுள் சிலரை மீட்டுச் செல்லும் ஃபியூரியோசாவுக்குத் தானே கொடுத்து, அப்போதுதான் தன் பெயரைச் சொல்கிறான். இத்தனை சிக்கனமாக ஒரு மனமாற்றத்தைக் காட்டிய அதிரடிப் படங்கள் மிகச் சில.

படப்பிடிப்புக்குத் திட்டமிடப்பட்டிருந்த பிரோக்கன் ஹில் பாலைவனம் எதிர்பாராத மழையால் பூத்துவிட்டதால் 'ஃபியூரி ரோடு' நமீபியாவில் எடுக்கப்பட்டது. வழக்கமான திரைக்கதைக்கு முன்பே சுமார் 3,500 ஓவியக் கட்டங்களாக, அதாவது ஸ்டோரிபோர்டாக, அது வரையப்பட்டிருந்தது. 2,000-க்கும் மேற்பட்ட வெட்டுகள் கொண்ட படத்தில் கண் தடுமாறாதிருக்க, ஒவ்வொரு ஷாட்டிலும் முக்கியமானது சட்டகத்தின் நடுவிலேயே இருக்கும்படி ஒளிப்பதிவாளர் ஜான் சீல் படம்பிடித்தார்; படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்செல் பெற்றதையும் சேர்த்து அது 6 ஆஸ்கர் விருதுகளை வென்றது.

இம்மரபின் முரண்பாடுகளும் வெளிப்படையானவை. பெட்ரோல் அருகிய உலகில் அதைப் பெறுவதற்காக அதையே தண்ணீராய்ச் செலவழிப்பது அபத்தம்தான். எனினும் அந்த அபத்தம் படங்களின் குறையன்று, அவை கேலி செய்யும் நாகரிகத்தின் இயல்பு. மன்னிக்க இயலாதது வேறொன்று: கொள்ளையரைத் தலைமயிர்க் கொண்டையும் இறகும் சாயமும் பூட்டிக் காட்டும் வழக்கம், பழைய கௌபாய் படங்கள் அமெரிக்கப் பழங்குடிகளுக்கு இழைத்த அநீதியைக் கேள்வியின்றி இறக்குமதி செய்கிறது. பேரிடரில் மனிதர் உடனே ஓநாய்களாவர் என்ற அடிப்படை அனுமானமும் ஆய்வுக்கு நிற்பதில்லை. 1963-இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆய்வு மையத்தை நிறுவியவர்களுள் ஒருவரான சமூகவியலாளர் என்ரிகோ குவாரன்டெல்லி, பீதியும் கொள்ளையும் அரிது, அண்டை வீட்டாரின் உதவியே மிகுதி என்பதைத் தம் ஆய்வுகளில் தொடர்ந்து வலியுறுத்தினார். ஒருவருக்கொருவர் உதவும் அண்டை வீட்டாரை வைத்து இரண்டு மணி நேரத் துரத்தலை எடுக்க முடியாது என்பது திரைத்துறையின் சங்கடம்.

பின்வந்தவர்கள் பஞ்சப் பொருளை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். 1995-இன் 'வாட்டர்வேர்ல்டு' படத்தில் நிலம், பாங் ஜூன்-ஹோ 2013-இல் எடுத்த 'ஸ்னோபியர்சர்' படத்தில் ஓடும் ரயிலுக்குள் ஓர் இடம். இந்தியத் திரையில் இம்மரபைப் பெருஞ்செலவில் முயன்றது, கமல்ஹாசனும் நடித்து 2024-இல் வெளியான நாக் அஸ்வினின் தெலுங்குப் படம் 'கல்கி 2898 ஏடி'. வறண்ட காசி, எல்லா வளத்தையும் உறிஞ்சி மேலே மிதக்கும் ஒரு வளாகம் எனப் பஞ்சத்தின் இலக்கணம் அதில் சரியாகவே இருக்கிறது. மகாபாரதப் போரின் அசுவத்தாமன் அழிவுக்குப் பிந்தைய உலகிலும் உயிரோடு இருப்பது மேற்கத்திய முன்மாதிரிகளில் இல்லாத துணிச்சல். ஆனால் கோயம்புத்தூரில் மெய்யாகவே உருவாக்கப்பட்ட அதன் 'புஜ்ஜி' கார், கீர்த்தி சுரேஷின் குரலில் ஓயாமல் பேசுகிறது. எங்கிருந்து பிடுங்கி எதனோடு ஒட்டியது என்று பார்வையாளர் தானே கண்டறிய அதன் பளபளப்பில் ஒரு தழும்புகூட இல்லை.